புரொசெசரை மாற்றுவதா, வேண்டாமா? கொழும்பில் வீட்டுக் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கணினி மந்தமாகிவிட்டால் பழி முதலில் விழுவது புரொசெசரின் தலையில்தான். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குள் நுழைந்தால் புதிய புரொசெசர் விற்க எத்தனையோ கடைகள் இருக்கின்றன. "உங்களுக்கு இது தேவையில்லை" என்று சொல்வதில் எந்தக் கடைக்காரருக்கும் இலாபம் இல்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு வீட்டிலேயே விடை கண்டுபிடித்துவிட்டுப் போவது நல்லது. அதற்கு ஒரு மாலை நேரம் போதும்.

கணினி எதற்காகக் காத்திருக்கிறது?

மந்தமாக இருக்கும் அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். வேலை முடிந்த பிறகு பார்த்துப் பயனில்லை. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போங்கள். அதை ஓரமாக வைத்துக்கொண்டு வழமையான வேலையைச் செய்யுங்கள்: பிள்ளையின் ஸூம் வகுப்பு, இருபது டேப் திறந்த குரோம், கணக்குப் பார்க்கும் எக்ஸெல், எதுவானாலும்.

டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியூ (அதாவது புரொசெசர்) 20 சதவீதத்தில் சும்மா இருந்தால், புதிய புரொசெசர் வாங்கினாலும் அதுவும் சும்மாதான் இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க் சிதறிக் கிடக்கும் கோப்புகளை விநாடிக்குச் சுமார் நூறு தடவைதான் தேடி எடுக்கும். சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி, மலிவானது கூட, அதே வேலையை ஆயிரக்கணக்கில் செய்யும். விண்டோஸ் திறக்க இரண்டு நிமிடம் எடுக்கும் கணினிகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுதான்.

மெமரி 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் குறை ரேமில் இருக்கிறது. 4 ஜிபியோடு இன்றைய குரோமை ஓட்டுவது சைக்கிளில் சீமெந்து மூட்டை ஏற்றுவது மாதிரி. 8 ஜிபி சமாளிக்கும், 16 ஜிபி தாராளம்.

சிபியூ 90க்கு மேல் நீண்ட நேரம் நின்றால்தான் புரொசெசரைச் சந்தேகிக்க வேண்டும். இதிலும் ஏமாற இடம் உண்டு. 8 திரெட் உள்ள (ஒரே நேரத்தில் எட்டு வேலை ஓட்டக்கூடிய) புரொசெசரில் ஒரே ஒரு திரெட் முழு மூச்சில் ஓடினால் மொத்தக் கணக்கில் 12 அல்லது 13 சதவீதம் என்றுதான் காட்டும். அதைப் பார்த்து "சிபியூ சும்மா இருக்கிறது" என்று முடிவெடுத்துவிடக் கூடாது. வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து, ஒவ்வொரு லொஜிக்கல் புரொசெசரையும் தனித்தனியே காட்டும்படி மாற்றுங்கள். ஒரு கட்டம் மட்டும் உச்சியில் நின்றால், உங்கள் மென்பொருளுக்குத் தேவை வேகமான கோர் (புரொசெசருக்குள் கணக்குச் செய்யும் அலகு). அதிக எண்ணிக்கையான கோர்கள் அல்ல.

யூடியூப் மட்டும் திக்கினால் அது வேறு கதை. யூடியூப் தன் வீடியோக்களை விபி9, ஏவி1 என்ற முறைகளில் அனுப்புகிறது. இன்டெலின் 4ஆம் தலைமுறைப் புரொசெசரில் அவற்றை விரிக்கத் தனி மின்சுற்று கிடையாது. முழுப் பாரமும் கோர்களின் மேல் விழும். எச்.264 முறையிலேயே அனுப்பும்படி கேட்கும் ஒரு சின்ன பிரவுசர் நீட்சியைப் போட்டால் அந்தப் பாரம் பெருமளவு இறங்கிவிடும். செலவு ஒன்றும் இல்லை.

சூட்டையும் தூசியையும் பாருங்கள்

டாஸ்க் மனேஜரின் அதே பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் 'ஸ்பீட்' என்று ஓர் எண் இருக்கும். 3.3 கிகாஹேர்ட்ஸ் புரொசெசர் பாரத்தோடு ஓடும்போது 1 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே காட்டினால், ஏதோ ஒன்று அதை இழுத்துப் பிடிக்கிறது. பெரும்பாலும் சூடு. இலவசமாகக் கிடைக்கும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். 95 முதல் 100 டிகிரியைத் தொட்டதும் புரொசெசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும்.

வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்பநிலை எண்கள் பெரும்பாலும் 20 டிகிரி சொச்சம் உள்ள அறையில் எடுத்தவை. கொழும்பில் ஏசி இல்லாத அறை பகலில் 30ஐத் தாண்டும். அந்த எண்களோடு எட்டுப் பத்து டிகிரியைக் கூட்டித்தான் வாசிக்க வேண்டும். மரைன் டிரைவ் பக்கத்து வீடுகளில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து ஃபேனிலும், புரொசெசரின் சூட்டை இழுக்கும் உலோக ஹீட்சிங்கிலும் பிசுபிசுவென்று ஒரு படலமாக ஒட்டிக்கொள்ளும். ஊதினால் போகாது, பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். ரேமின் பொன்னிறக் கால்களும் மங்கிப்போகும். கணினி திரையே காட்டாமல் பீப் போட்டால், ரேமைக் கழற்றி அந்தக் கால்களைப் பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் போட்டுப் பாருங்கள். புரொசெசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய ஐந்து வருடம் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். அதையும் மாற்றுங்கள்.

தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, எஸ்எஸ்டி போட்டு, ரேமை 8 அல்லது 16 ஜிபி ஆக்கிய பிறகும் மந்தம் போகவில்லை என்றால் மட்டும் மேலே வாசியுங்கள். பாமினி எழுத்துருவில் கடிதம் அடிப்பவர், வங்கிக் கணக்குப் பார்ப்பவர், பாடக் காணொளி பார்க்கும் உயர்தர மாணவர் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இத்தோடு வேலை முடிந்துவிடும்.

உங்கள் மதர்போர்ட் எதுவரை போகும்?

சிபியூ-இஸட் என்ற சின்ன இலவச மென்பொருளை ஓட்டினால் புரொசெசர் பெயர், சொக்கெட் (புரொசெசர் உட்காரும் இடம்), மதர்போர்ட் (எல்லாப் பாகங்களும் பொருந்தும் பெரிய பலகை) மொடல், பயோஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பு, ரேம் வகை எல்லாம் கிடைக்கும். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லாத் தீர்மானமும் அந்தத் தாளை வைத்துத்தான்.

இன்டெலில் ஐ3, ஐ5, ஐ7 என்பது தரவரிசை. தலைமுறையைச் சொல்வது அடுத்து வரும் எண்: 4590 என்றால் 4ஆம் தலைமுறை, 10400 என்றால் 10. "ஐ7 கணினி, விலை குறைவு" என்ற விளம்பரத்தில் மயங்குபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. ஐ7 4790இலும் ஐ3 12100இலும் நான்கு கோர், எட்டுத் திரெட்தான். ஆனால் அந்த ஐ3 தெளிவாக முந்திவிடும். இடையில் எட்டு வருடப் பொறியியல் இருக்கிறது.

சொக்கெட் விடயத்தில் இன்டெல் கஞ்சன். எல்ஜிஏ 1155 என்பது 2, 3ஆம் தலைமுறைகளுக்கு. 1150 பெரும்பாலும் 4க்கு. 1200 என்பது 10, 11க்கு. அதிலும் எச்410, பி460 சிப்செட் (போர்டின் துணைச் சில்லு) உள்ள போர்ட்களில் 11ஐ நம்பி வாங்க வேண்டாம். 1700 என்பது 12, 13, 14க்கு. 2024 ஒக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 1851. மிக மோசமான பொறி 1151இல் இருக்கிறது. 6, 7ஆம் தலைமுறைக்கும் 8, 9ஆம் தலைமுறைக்கும் சொக்கெட்டின் பெயர் ஒன்றுதான். எச்110 போர்டில் ஐ5 8400 அழகாக உட்காரும், ஆனால் இயங்காது. அதற்கு 300 வரிசைச் சிப்செட் வேண்டும். இணைய விளம்பரத்தில் பார்த்து "1151தானே" என்று பழைய புரொசெசர் வாங்குபவர்கள் இங்கேதான் விழுகிறார்கள்.

ஏஎம்டி இந்த விடயத்தில் தாராளம். 2017இல் ரைசன் முதல் வரிசையோடு பரவிய ஏஎம்4 சொக்கெட், பயோஸைப் புதுப்பித்தால் பெரும்பாலான போர்ட்களில் 5000 வரிசை வரை ஏற்கும். பி450 போர்டில் ரைசன் 5 2600 வைத்திருப்பவர் மதர்போர்டையும் ரேமையும் தொடாமலே ரைசன் 5 5600க்குப் போகலாம். இந்தக் கட்டுரையில் "தயங்காமல் செய்யுங்கள்" என்று சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான்.

அதிலும் ஒரு கண்ணி. 5600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. இப்போது 2200ஜி அல்லது 3200ஜி வைத்து, மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் மொனிட்டரைச் செருகிப் பாவிப்பவர் 5600ஐப் போட்டால் திரை கறுப்பாகவே இருக்கும். புரொசெசர் பழுது என்று கடைக்கு ஓடுவார். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லாதவர் 5600ஜியைத்தான் கேட்க வேண்டும். இன்டெலில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தாலும் இதே கதை: 12400எஃப் திரை காட்டாது, 12400 காட்டும்.

வெளிநாட்டிலிருந்து பாவித்து வந்த டெல், எச்பி அலுவலகக் கணினிகள் கொழும்பில் ஏராளம். வேலைக்கு நல்லவைதான். ஆனால் அவற்றில் பலவற்றின் மதர்போர்ட் அளவும் பவர் இணைப்பும் நிறுவனத்தின் சொந்த வடிவம்; வழமையான 24 பின் இணைப்பு இருக்காது. கேசிங்கை வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் புதுப்பிக்கும் கனவு அங்கே பலிக்காது.

விண்டோஸ் 11 என்ற நெருக்கடி

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 ஒக்டோபர் 13 வரை. விண்டோஸ் 11க்கு இன்டெலில் 8ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை, அதற்கு மேல் வேண்டும். ஒருசில விதிவிலக்குகள் உண்டு: 2200ஜியும் 2400ஜியும் பெயரில் 2000 என்றாலும் உள்ளே முதல் தலைமுறைக் கோர்கள், ஆகவே பட்டியலில் இல்லை. கூடவே டிபிஎம் 2.0 (இரகசியச் சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி), செக்கியூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் தொடக்கத்தில் ஓடவிடும் வசதி) இரண்டும் வேண்டும்.

மைக்ரோசொஃப்டின் பிசி ஹெல்த் செக் கருவி "டிபிஎம் இல்லை" என்று சொன்னதும் மனம் உடைய வேண்டாம். பல போர்ட்களில் அது இருக்கிறது, பயோஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டில் பிடிடி (PTT) என்றும், ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் (fTPM) என்றும் தேடி இயக்குங்கள். 8ஆம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் என்றால், அதே சொக்கெட்டுக்குள் புரொசெசரை மாற்றி விண்டோஸ் 11ஐ அடைய வழியே இல்லை. அதற்குப் பணம் போடாதீர்கள். அந்தக் கணினியில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு இன்னும் சில வருடம் ஓட்டலாம்.

மதர்போர்டோடு மாற்ற வேண்டி வந்தால்

அப்போது இது புரொசெசர் மாற்றம் இல்லை. கேசிங் மட்டும் பழையதாக உள்ள புதுக் கணினி. தாளில் ஐந்து வரி எழுதுங்கள்: புரொசெசர், மதர்போர்ட், ரேம், பவர் சப்ளை, கூலர். கடைசி மூன்றை மறந்துவிட்டுத்தான் பலர் செலவுக் கணக்குப் போடுகிறார்கள்.

ரேம்: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 மூன்றின் வெட்டும் வெவ்வேறு இடத்தில், ஒன்றின் துவாரத்தில் மற்றது இறங்காது. ஏஎம்டியில் ஏஎம்4க்கு அடுத்து வந்த ஏஎம்5 சொக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான். எல்ஜிஏ 1700இல் இரண்டு வகைப் போர்டும் உண்டு. 2025 இறுதியிலிருந்து ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியிருப்பதால், கையில் நல்ல டிடிஆர்4 இரண்டு துண்டு இருந்தால் டிடிஆர்4 ஏற்கும் போர்டைக் கேட்டு வாங்குவது புத்திசாலித்தனம்.

பவர் சப்ளை: மலிவான கேசிங்கோடு வரும் "500 வாட்" ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் நிரலில் எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 18 அம்பியர் என்றால் 12ஆல் பெருக்க 216 வாட். உங்கள் புரொசெசருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் கிடைப்பது அவ்வளவுதான். கரண்ட் போய்வரும் வீடுகளில் முதலில் சாவதும் இதுதான். சில வேளை மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

கூலர்: 1150, 1151, 1200 சொக்கெட்களின் கூலர் துளைகள் 75 மில்லிமீற்றர் இடைவெளி, 1700க்கு 78. பழைய கூலர் பார்வைக்குச் சரியாகத் தோன்றும், பொருந்தாது. பெட்டியில் கூலர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ரைசன் 5 5600இன் பெட்டியில் உண்டு, 5700எக்ஸின் பெட்டியில் இல்லை. ட்ரே என்று விற்கும் புரொசெசரில் பெட்டியே இல்லை.

ஐந்தையும் கூட்டிய தொகை அதே தரத்துப் புதுக் கணினியின் விலையில் மூன்றில் இரண்டைத் தாண்டினால், பழையதை அப்படியே ஓடும் நிலையில் விற்றுவிட்டுப் புதிது வாங்குவதே மேல். கழற்றிய உதிரிப் பாகங்களுக்குக் கிடைப்பதை விட, ஓடும் கணினிக்கு எப்போதும் நல்ல விலை கிடைக்கும்.

"புதிய புரொசெசர் கரண்ட் பில்லைக் குறைக்கும்" என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு. 30 வாட் மிச்சம், நாளுக்கு 6 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 5.4 யூனிட். அந்த மிச்சத்தில் மதர்போர்டின் விலையை எடுக்க வருடங்கள் போகும்.

கடையில்

ஒரே பட்டியலை மூன்று கடையில் கொடுத்து விலை கேளுங்கள். சொல்லும் விலை வட் சேர்த்ததா, காசுக்கு ஒரு விலை கார்டுக்கு வேறு விலையா என்று அப்போதே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாரண்டி வாசகத்தை நின்று வாசியுங்கள். "ஒரு வருடம்" என்பதற்குள் 14 வேலைநாள் குறைப்பு ஒளிந்திருக்கலாம். எரிந்த தடம், உடைவு, துரு ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். கடலோரத்தில் வசிப்பவருக்குத் துரு என்ற அந்தச் சொல் முக்கியம். இன்டெல் போர்டில் சொக்கெட்டின் கம்பிகள் வளைந்திருந்தால் அதுவும் உடைவுக் கணக்கில்தான் சேரும். ஆகவே புதிய போர்டின் கறுப்பு மூடியைக் கடைக்காரர் முன்னிலையிலேயே கழற்றச் சொல்லி, கைபேசி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: வரிசைகள் ஒரே சீராக மின்ன வேண்டும்.

பாவித்த 13, 14ஆம் தலைமுறை இன்டெல் வாங்குபவருக்கு ஓர் எச்சரிக்கை. அவற்றில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள டெஸ்க்டொப் மொடல்களில் சில, அதிக மின்னழுத்தத்தால் நாளடைவில் தளர்ந்துபோகும் குறை 2024இல் தெரியவந்தது. இன்டெல், பயோஸ் மூலம் வரும் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. திருத்தம் புதிய சேதத்தைத் தடுக்குமே தவிர, ஏற்கெனவே கெட்டுப்போன சில்லைத் திருத்தாது. முந்திய உரிமையாளர் பயோஸைப் புதுப்பிக்காமல் ஓட்டியிருந்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.

மாற்றும் நாள்

பழைய புரொசெசர் உள்ளே இருக்கும்போதே மூன்று வேலை. விண்டோஸ் உரிமத்தை மைக்ரோசொஃப்ட் கணக்கோடு இணையுங்கள். மதர்போர்டை மாற்றினால் மீட்க அது உதவும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பார்த்து, மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு பயோஸைப் புதுப்பியுங்கள்: உங்கள் மொடலுக்கே உரிய கோப்பை, ஃபேட்32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் போட்டு, பயோஸுக்குள் இருக்கும் கருவியால். நடுவில் கரண்ட் போனால் மதர்போர்டே செத்துப்போகலாம். யூபிஎஸ் இல்லாவிட்டால் ஒரு நாளைக்குக் கடன் வாங்குங்கள். இடி மழை மாலையில் இந்த வேலை வேண்டாம்.

ஏஎம்4இல் கூலரைக் கழற்றும்போதுதான் அதிக சேதம் நடக்கிறது. காய்ந்த பேஸ்ட் பசைபோலப் பிடித்திருக்க, நேராக மேலே இழுத்தால் பூட்டிய சொக்கெட்டிலிருந்தே புரொசெசர் பிய்த்துக்கொண்டு வரும். 1331 ஊசிகளில் சில வளையும். தடுக்க வழி எளிது. கழற்றும் முன் பத்து நிமிடம் ஏதாவது கனமான வேலை கொடுத்துச் சூடாக்குங்கள். அணைத்து, வயரைப் பிடுங்கி, பவர் பட்டனை ஐந்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஸ்க்ரூக்களைத் தளர்த்தியதும் கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள், போத்தல் மூடி திறப்பதுபோல. வழுக்கத் தொடங்கியதும் தூக்கலாம். வளைந்த ஊசியை 0.5 மில்லிமீற்றர் கிளட்ச் பென்சிலின் வெற்று முனையால் நிமிர்த்த முடியும், பொறுமை இருந்தால்.

புதியதைப் போடும்போது மூலையில் உள்ள தங்க முக்கோணத்தை சொக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி வையுங்கள். தன் பாரத்திலேயே இறங்க வேண்டும். அழுத்த வேண்டி வந்தால் ஏதோ பிழை. கூலரின் அடியில் சாம்பல் நிறப் பேஸ்ட் ஏற்கெனவே பூசியிருந்தால் மேலதிகமாக வைக்கக் கூடாது. இல்லாவிட்டால் நடுவில் ஒரு பட்டாணி அளவு. 5600இன் கூலரைப் போட முன்பிருந்த பிளாஸ்டிக் தாங்கிகளைக் கழற்ற வேண்டும். அப்போது போர்டின் பின்னால் உள்ள உலோகத் தகடு கழன்று விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்க்ரூவையும் எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று என்று இறுக்குங்கள். சிபியூ ஃபேன் வயரை மறக்க வேண்டாம்.

முதல் தடவை திறக்கும்போது ஏஎம்டி போர்ட் எஃப்டிபிஎம்மை அழிக்கவா என்று கேட்டு, Y அல்லது N எழுத்தை அழுத்தச் சொல்லும். மீட்பு எண் கையில் இருந்தால் Y அழுத்துங்கள். டிடிஆர்5 போர்ட் என்றால் திரை வர சில நிமிடம் எடுக்கலாம். ரேமைப் பழக்கிக்கொள்கிறது, பதறி அணைக்காதீர்கள். ஃபேன் சுற்றியும் பத்து நிமிடம் ஒன்றும் வரவில்லை என்றால், புரொசெசருக்கு அருகே உள்ள 4 அல்லது 8 பின் பவர் வயர் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைக்குத் திரும்பக் கொண்டுவரும் "பழுதான" போர்ட்களில் இந்த வயர் மறதி அடிக்கடி காணும் ஒன்று. புதிய போர்டில் பயோஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை என்றால் பழைய விண்டோஸ் லெகசி என்ற பழைய தொடக்க முறையில் நிறுவப்பட்டிருக்கலாம்; புதிய போர்ட்களில் பல யூஇஎஃப்ஐ என்ற புதிய முறையை மட்டுமே ஏற்கும்.

ரேம் வேகத்தையும் ஒரு தடவை பாருங்கள். 3200 என்று வாங்கிய பல துண்டுகள், பயோஸில் எக்ஸ்எம்பி என்ற வேக அமைப்பை இயக்கும் வரை 2133 அல்லது 2400இல்தான் ஓடும். நான்கு துவாரம் உள்ள போர்டில் இரண்டு துண்டு என்றால் புரொசெசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது துவாரங்களில் போடுங்கள்.

முதல் வாரம் கணினியை நன்றாக வேலை வாங்குங்கள், பழுது இருந்தால் அப்போதே வெளிவரட்டும். பில்லைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சூட்டில் அச்சாகும் வழுவழுப்பான காகிதம் என்றால், நம் ஊர்ச் சூட்டில் ஒரு வருடத்துக்குள் எழுத்து மங்கிவிடும். வாரண்டிக்கு எடுத்துப் போகும் நாளில் வெறும் வெள்ளைத் துண்டுதான் கையில் இருக்கும்.